தாழம்பூக் காய்ச்சல்

சவ்வாது மலையின் அடிவாரத்தில், ஏரிக்கும் முள்காட்டுக்கும் நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் காரைப்பட்டு என்கிற ஊரில், அடைமழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு கார்த்திகை மாதத்தில் காய்ச்சல் மணக்க ஆரம்பித்தது. காய்ச்சல் கண்ட உடம்பிலிருந்து தாழம்பூ வாசனை வந்தது, அவ்வளவுதான். அது எப்படி வரும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. முதலில் யாருக்கு வந்தது, யாருக்கு வந்திருக்கக் கூடாது, நமக்கு ஏன் இன்னும் வரவில்லை என்றுதான் கேட்டார்கள்.

காய்ச்சலைத் தேடித்தான் கமலவேணி அங்கே போயிருந்தாள், மணத்தைத் தேடி அல்ல. சுகாதாரத் துறையில் பூச்சியியல் அதிகாரி அவள். கொசுவுக்காகவும் ஈக்காகவும் தெள்ளுப்பூச்சிக்காகவும் ஊர் ஊராக அலைந்து, எந்த ஊரிலும் பூச்சியைவிட மனிதர்கள்தான் தொல்லை என்ற முடிவுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தவள். மலையடிவாரத்து ஊர்களில் மழைக்குப் பிறகு ஆட்கள் காரணம் தெரியாமல் காய்ந்து சாகிறார்கள் என்று தகவல் போனதும், எலிகளையும் எலிகளின் காதுக்குள் குடியிருக்கும் உண்ணிகளையும் பிடித்துப் பார்த்து நோய் எந்தப் புதரில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவரச் சொல்லி, ஒரு பழைய ஜீப்பையும் எத்திராசு என்ற டிரைவரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜீப் ஓட்டுவது, பொறி வைப்பது, ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பது மூன்றும் எத்திராசு வேலை. மூன்றாவது வேலையைக் கமலவேணி தானாகச் செய்ததே இல்லை.

மூடிக்கிடந்த பால் சொசைட்டி கட்டடத்தில் தங்கினார்கள். மத்தியானம் கருவாடும் தேங்காய்ச் சில்லும் வைத்த தகரக் கூண்டுகளைக் காரைப் புதரிலும் சூரைப் புதரிலும் வைத்துவிட்டு வருவார்கள். விடிந்து போய் எடுத்தால் உள்ளே வெள்ளெலி இருக்கும், வயலெலி இருக்கும், சில கூண்டில் மூஞ்சூறு கீச்சிடும். மருந்து காட்டி மயக்கி, வெள்ளைத் தட்டின் மேல் பிடித்துக் காதைச் சீப்பால் வாரினால் மிளகாய்ப்பொடிபோல் ஒரு தூசி உதிரும். உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி நடக்கும். அந்தத் தூசிதான் உண்ணிக்குஞ்சு. புதரில் படுத்தவன் மேல் ஏறி, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு என்று மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும், வலிக்காது. சில நாள் கழித்து அங்கே பீடி நெருப்பால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு வரும், பின்னாலேயே காய்ச்சல் வரும், விட்டுவிட்டால் சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரிக்கும். விடாமல் இருப்பதற்கு வேண்டியது ஒரு மாத்திரை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிற, மஞ்சள் நிறத்தில் விரல்நுனி அளவு இருக்கிற, யாருமே மதிக்காத மாத்திரை.

ஊர் அவளுக்கு எலி டாக்டரம்மா என்று பெயர் வைத்தது. மூஞ்சூறு பிள்ளையாருக்கு வாகனமாயிற்றே, அதைப் பிடிக்கலாமா என்று நாலு பெரிய மனிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். "பிள்ளையாரை வந்து கேக்கச் சொல்லுங்க, வண்டியைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள் கமலவேணி, சீப்பை நிறுத்தாமல்.

இந்த நிலையில்தான் அஞ்சலாட்சி மணந்தாள்.

அஞ்சலாட்சிக்கு ஏரிக்கரைக்கு அந்தப் புறம் குடிசை. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அவளுக்கு மிஞ்சியது கொஞ்சம் ஆடுகளும் பவளக்கொடி என்கிற பெண்ணும். ஏரிக்கு அந்தப் புறத்து ஆட்கள் ஊர்த்தெருவில் ஆடு ஓட்டிப் போவதில்லை. போகக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் சட்டம் தேவைப்படவில்லை. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் கொதித்த கொதிப்பில் ஏரியைச் சுற்றி நடக்கத் தெம்பில்லாமல், பால் சொசைட்டிக்கு ஊர்த்தெரு வழியாகவே நேராக நடந்துவந்தாள். திட்டுவதற்காகக் கதவைத் திறந்தவர்கள் திட்டவில்லை. வாயைத் திறந்தவர்கள் அப்படியே மூச்சை இழுத்தார்கள். பட்டுப்புடவைப் பெட்டிக்குள் தாழை மடலை வைத்துப் பூட்டி, பல வருஷம் கழித்துத் திறந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அந்த வாசனை அவளுக்குப் பின்னால் தெரு நீளத்துக்கும் இழுபட்டு வந்தது. அதன் பின்னால் ஊர் வந்தது.

கமலவேணி கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். பாவாடை நாடாவுக்குக் கீழே பொருக்கு இருந்தது. கறுப்பு நடு, சிவப்பு விளிம்பு. படத்தில் போட்டதுபோல் அச்சாக இருந்தது. வாசனை அதிலிருந்துதான் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று மாத்திரையை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அஞ்சலாட்சியை அலாக்காகத் தூக்கிப் போய் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசனை பச்சைப் பூ வாசனையா, வாடின பூ வாசனையா என்று கேட்டார். பிறகு பூ சம்பந்தப்பட்ட விஷயம் தோட்டக்கலைத் துறையில் வரும் என்றார். தோட்டக்கலைத் துறையில் கேட்டதற்கு, செடியில் இருக்கிற வரைக்கும்தான் பூ எங்களுடையது என்றார்கள்.

மண்டபத்தில் அஞ்சலாட்சிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். அவள் நிழல்கூடத் தங்கள் வீட்டு வாசலில் விழக்கூடாது என்றிருந்த கிழவிகள் அவள் கையைப் பிடித்துத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு போய்க் கமலவேணி மாத்திரையை நீட்டினாள். அஞ்சலாட்சி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் வாங்கி விழுங்கினாள். மறுநாள் வியர்த்துக் கொட்டியது. அதற்கு மறுநாள் காய்ச்சலும் இல்லை, வாசனையும் இல்லை. வெறும் அஞ்சலாட்சியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை ஒருவன் "எழுந்திரு" என்றான். அவள் எழுந்து போன பிறகு நாற்காலியைக் கழுவினார்கள், மண்டபத்தைக் கழுவினார்கள், தண்ணீரை வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள்.

அதற்குள் வேறு சிலருக்கு மணம் வந்துவிட்டது, ஊரும் அதை வழக்கமாக்கிக்கொண்டுவிட்டது. சிவன் கோயிலுக்குள் அவர்களை விடலாமா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. அண்ணாமலையார் முன்னால் பொய்ச்சாட்சி சொன்ன பூ தாழம்பூ. சிவ பூஜைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் மணந்தவர்களில் ரைஸ்மில்காரரின் தம்பியும் இருந்தபடியால் குருக்கள் நன்றாக யோசித்து, பொய் சொன்னது பூதானே ஒழிய வாசனை அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். பஸ்ஸில் மணக்கிறவர்களுக்கு முன்சீட்டு ஒதுக்கப்பட்டது. கல்யாணத் தரகர்கள் பெண் பார்க்கும்போது ஜாதகத்தை ஒரு கையில் வாங்கி மறு கையால் மூக்கை நீவிக்கொண்டார்கள். வேலூரிலிருந்து அத்தர் வாங்கிவந்து பூசிக்கொண்டு படுத்தவர்களும் உண்டு; அவர்களைக் கண்டுபிடிக்க, சாராயத்தில் தண்ணீர் கலந்திருப்பதை முகர்ந்தே சொல்லக்கூடிய ஒரு கிழவனை ஊர்ச்செலவில் வைத்தார்கள். காய்ச்சல் தாங்க முடியாமல் போனவர்கள் சொசைட்டியின் பின்கதவு வழியாக வந்து முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி மாத்திரை வாங்கிப் போனார்கள். போகிற வழியில் அத்தரும் வாங்கிக்கொண்டார்கள். கமலவேணி கொடுத்தாள். கொடுத்த கையால் கதவையும் அறைந்து சாத்தினாள்.

ஒருநாள் எத்திராசு வெறும் கூண்டுகளோடு திரும்பி வந்தான்.

"மேடம், இனிமே எலி விழாது."

"ஏன்?"

"புதர்ல எல்லாம் ஆளுங்க படுத்துக்கினு இருக்காங்க. பாய் தலையாணியோட. கூண்டுகிட்ட எலி வரணும்னா இவங்கள தாண்டிதான் வரணும். அதுங்களுக்கு பயமா இருக்காதா?"

போய்ப் பார்த்தாள். அவசரத்துக்குக்கூட அந்தப் பக்கம் ஒதுங்காதவர்கள், முள் குத்தாமல் இருக்கச் சாக்கு விரித்து, சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் புளியோதரையும் பிளாஸ்க் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், அகலமான ஜமுக்காளத்தில், பஞ்சாயத்துத் தலைவர் பரந்தாமனின் மனைவி லோகாம்பாள் கால் நீட்டியிருந்தாள். மூக்கில் எட்டுக்கல் பேசரி, நிறைந்த தாலிக்கொடி, நல்ல உடம்பு. ஆடு மேய்க்கிறவள் முதலில் மணந்து மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்பது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"வாங்க எலி டாக்டரம்மா, நீங்களும் உக்காருங்க" என்றாள்.

"நான் இதுல கடி வாங்காம இருக்கத்தான் சம்பளம் வாங்கறேன்" என்றாள் கமலவேணி.

லோகாம்பாள் அடுத்த வாரமே மணந்தாள். மற்றவர்கள் மணந்தால் தெரு மணந்தது. அவள் மணந்தபோது ஏரி மணந்தது. கமலவேணி அவள் வீட்டுக்குப் போனாள். உள் அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள் லோகாம்பாள். கண் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது, கால்மாட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரந்தாமன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கடிவாய காட்டுங்க."

"கடி இல்லம்மா அது. மாரியம்மா வச்ச பொட்டு."

"நேத்து எத்தனை வாட்டி ஒண்ணுக்குப் போனீங்க?"

பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். லோகாம்பாள் ஒரு விரலைக் காட்டினாள்.

"கிட்னி நிக்கப் போவுது. இந்த மாத்திரைய இப்பவே போட்டுக்குங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன்."

"போட்டா வாசனை போயிடுமாமே."

"போவும். நீங்க இருப்பீங்க."

"அஞ்சலாட்சியும் இருக்கறா" என்றாள் லோகாம்பாள். "அப்பிடி இருக்கறதுக்கா?"

பரந்தாமன் மாத்திரையை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அப்புறம் போட்டுக்குவா மேடம். நான் சொல்றேன்" என்றார். மாத்திரை ஜன்னலிலேயே இருந்தது. மூன்றாம் நாள் லோகாம்பாள் மூச்சு வாங்கி, ஆளை அடையாளம் தெரியாமல் பேசி, மத்தியானத்தில் அடங்கிப்போனாள். செத்தாள் என்று ஊரில் ஒருவர் வாயிலும் வரவில்லை, ஐக்கியமாகிவிட்டாள் என்றார்கள். பாடையைத் தேனீக்கள் சுற்றிவந்தன. சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே தாழம்பூ அம்மனுக்கு எங்கே கோயில் கட்டுவது என்று பேச்சு நடந்தது, யார் வீட்டு மனையை எடுப்பது என்பதில் கைகலப்பும் நடந்தது.

கமலவேணி பரந்தாமனிடம் நேராகவே சொன்னாள்: "அந்த மாத்திரைய குடுத்திருந்தா இந்நேரம் உங்க சம்சாரம் சமையக்கட்டுல இருந்திருப்பாங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லாதீங்க" என்றார். "அவ சாமியா போயிட்டா. அப்பிடித்தான். வேற மாதிரி இருக்கக் கூடாது."

வேறு மாதிரி இருந்தால், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே அவளைச் சாகவிட்டவர் அவர் என்று ஆகும். கமலவேணிக்கு அது புரிந்தது. புரிந்ததும் அவர்மேல் இருந்த இளக்காரம் இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் மனசு அப்படித்தான் வேலை செய்தது. அன்று சாயங்காலத்துக்குள் கூண்டுகளை மிதித்து நசுக்கி ஏரியில் போட்டார்கள். சாமியின் எலிகளைத் துன்புறுத்தியவளும் சாமியின் வாசனையைக் கொன்றவளும் விடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள்.

போனாள். அவளுக்குப் போவதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கிடக்கட்டும், மணந்து மணந்து சாகட்டும் என்று ஜீப்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முந்தின நாளிலிருந்து தலை வலித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரைப் பார்த்தால் யாருக்கும் வலிக்கத்தான் வலிக்கும் என்று நினைத்திருந்தாள். தார் ரோட்டில் ஏறியதும் எத்திராசு வண்டியை ஓரம் கட்டினான்.

"இன்னாய்யா?"

அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "மேடம், வண்டிக்குள்ள தாழம்பூ."

அவள் புடவையை முழங்கால்வரை தூக்கி, காலை மடக்கிப் பின்பக்கம் தடவினாள். விரலுக்குப் பொருக்கு தட்டுப்பட்டது. வாசனை அலையாக எழுந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் பிதுக்கினாள். வாய்வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே நின்றது கை. பின்கதவுக்கு வராதவர்களை எண்ணிப் பார்த்தாள். ரைஸ்மில்காரரின் தம்பி, தையல்காரர் வீட்டில் இரண்டு பேர், மணந்தால் பிள்ளை உண்டாகும் என்றிருந்த மருமகள்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார். இவ்வளவு நாளும் எலி டாக்டரம்மாவாக இருந்து சொன்ன ஒரு சொல் ஏறவில்லை. மணக்கிறவள் சொன்னால் ஏறும்.

"வண்டியத் திருப்பு" என்றாள்.

விரட்டிய ஊர் அவளைப் பார்த்ததும் தெருவில் குப்புற விழுந்தது. கூண்டுகளை மிதித்து நசுக்கிய அதே கால்களைத்தான் பின்னுக்கு மடக்கி விழுந்தார்கள். முகர்கிற கிழவன் கண்ணில் நீர் வழிய, அத்தர் இல்லை என்று கைதூக்கிச் சொன்னான். மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். கமலவேணி குரலை மாற்றிக்கொள்ளவில்லை. ஆபீசில் கீழே வேலை செய்கிறவர்களிடம் பேசுகிற எரிச்சலோடேயே பேசினாள். சாமி பேசினாலும் அப்படித்தான் பேசும் என்று அவர்களுக்கு இருந்தது.

"எனக்குப் பாலும் வேணாம், பொங்கலும் வேணாம். மணக்கிறவங்க எல்லாரும் வரிசையில வாங்க. நான் குடுக்கறத காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டுட்டு முழுங்கணும். ஒரு வாரம் விரதம். நடுவுல விட்டா குடும்பத்துக்கு ஆகாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நாக்கு கசந்தது. படித்த படிப்பையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடகு வைத்தாள். வைத்த உடனே வேலை நடந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள், மஞ்சள் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார்கள், மூச்சிரைத்தவர்களைத் தூக்கி வந்து வாயைத் திறந்து போட்டார்கள், ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றால் கொண்டுபோனார்கள். அப்படி ஏற்றிய மூன்று பேரோடு எத்திராசு போனான். மிச்ச நாளைக்கு வேண்டிய மாத்திரையையும் அவன்தான் கேட்டு வாங்கிவர வேண்டும்.

வரிசையில் பரந்தாமனும் வந்தார். அவருக்குக் காய்ச்சல் இல்லை; பிடித்துக்கொண்டு நின்ற தம்பி மகனுக்கு இருந்தது. கமலவேணி மாத்திரையை நீட்டியபோது அவர் அதைப் பார்த்தார். மஞ்சள் நிறம், விரல்நுனி அளவு. ஜன்னல் விளிம்பில் அது இன்னும் கிடக்கிறது. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். வாசனையைக் கொல்கிற அதே மாத்திரை இது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால் மண்டபம் தலைகீழாகியிருக்கும். அவர் தம்பி மகன் பக்கம் திரும்பி, "வாங்கிக்கடா" என்றார், "இப்பவே போட்டுக்கோ, என் கண்ணு முன்னால போடு." பிறகு தூணோரம் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கு விசிறினார்கள்.

கடைசியாக அஞ்சலாட்சி வந்தாள். பவளக்கொடியை இடுப்பில் வைத்துக்கொள்ள முடியாத வயசு. தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெண் மணந்தாள். இரண்டு நாளாக மணந்துகொண்டிருந்தாள் என்பது வழிவிட்டவர்கள் சொன்னதில் தெரிந்தது. நேற்று முழுக்க அவளை இந்த மண்டபத்தில்தான் உட்கார வைத்திருந்தார்களாம்.

கமலவேணி மாத்திரையை நீட்டினாள். அஞ்சலாட்சி வாங்கவில்லை.

"நீ போட்டுக்கினியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போட்டுக்குவேன்."

"எப்போ?"

"இன்னும் வேலை இருக்கு."

அஞ்சலாட்சி திரும்பிப் பார்த்தாள். வரிசை முடிந்திருந்தது. "யாரும் இல்லியே" என்றாள்.

இல்லைதான். எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. ஜீப்பில் பிதுக்கிய மாத்திரை கமலவேணியின் இடது கை முட்டிக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. விழுங்க அவளுக்கு நேரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, காலையிலிருந்து இருந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். நூறு முகமும் அவளைப் பார்த்து மலர்ந்திருந்தன. அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறவர்கள் எங்கேயும் இருந்ததில்லை. துறைக் கூட்டங்களில் கடைசி வரிசை, எலி வேலை பார்க்கிறவள் என்று டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துக்கொள்கிற சக அதிகாரிகள். இங்கே ஒரு பெண் அவள் பாதத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இதமாகச் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் என்று உடம்பு சொன்னது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் அஞ்சலாட்சி. குரல் கமலவேணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. "அன்னிக்கு எனக்குத் தலை வெடிச்சிக்கினு இருந்தது, அதனால முழுங்கிட்டேன். வலி மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா துப்பியிருப்பேன். இவளுக்கும் நீ குடுப்பேன்னு தெரிஞ்சிதான் முந்தாநாளு கண்ணுல காட்டல."

"சாவட்டும்னா?"

"அய்ய, இல்ல. ஒரு நாளு. ஒரு நாளு இவள எல்லாரும் பேரு சொல்லிக் கூப்பிடட்டும்னு. கூப்ட்டாங்க. பவளக்கொடி, பால் குடிம்மான்னு சொன்னாங்க. அப்புறம் இன்னொரு நாளுன்னு தோணிச்சு. நேத்து ராவெல்லாம் ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. அப்பவும் தோணுது." அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீ முதல்ல முழுங்கு. நீ முழுங்கினா எனக்கும் குடுக்க முடியும்."

ஊர் முழுவதையும் ஏசுவதற்குக் கமலவேணியிடம் வார்த்தை இருந்தது; இவளை ஏச ஒன்றும் கிடைக்கவில்லை. முட்டியைத் திறந்தாள். மாத்திரை நசுங்கி, உள்ளங்கையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. நக்கினாள். கசப்பு தொண்டைவரை இறங்கியது. அஞ்சலாட்சி சொம்பை எடுத்துக் கொடுத்தாள். குடிக்கிறவரை நின்று பார்த்தாள். அதன் பிறகு மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள்.

மறுநாள் ஊர் வியர்த்தது. அதற்கு மறுநாள் காரைப்பட்டில் சாணி வாசனையும் டீசல் வாசனையும் ஏரிச்சேற்று வாசனையும் மட்டும் அடித்தன. மணம் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டது என்றார்கள். முகர்கிறவனும் ஆமாம், உள்ளேதான் இருக்கிறது, ஆழத்தில் இருக்கிறது என்று சத்தியம் செய்தான். விரதத்தை யாரும் விடவில்லை, குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் வாசனையைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியே பிழைத்தார்கள். எதனால் பிழைத்தோம் என்று தெரியாமலே பிழைத்தார்கள். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மணம் அடங்கிய அன்றைக்குக் கமலவேணி மண்டபத்துத் தரையில் கிடந்தாள். நாற்காலியை எப்போது எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வியர்வையில் புடவை ஒட்டியிருந்தது, வாய் வறண்டிருந்தது. போகிறவர்கள் தாண்டிப் போனார்கள். முந்தாநாள் பாதத்துக்கு விசிறிய பெண் வாளியோடு வந்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, கழுவணும்" என்றாள். எத்திராசு இன்னும் வரவில்லை. தூணைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்போது ஒரு கை அவள் அக்குளுக்குள் நுழைந்து தூக்கியது. ஆட்டு வாடை அடித்தது.

குடிசையில் பவளக்கொடி சாக்கின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி அவள் பக்கத்திலேயே கமலவேணியையும் படுக்க வைத்தாள். வெயில் ஓலையில் பொத்தல் பொத்தலாக இறங்கியது. ஒரு ஆட்டுக்குட்டி வந்து கமலவேணியின் காலை முகர்ந்துவிட்டு, சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத" என்றாள் அஞ்சலாட்சி, அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடி. "மணந்தப்ப உனக்கு எப்பிடி இருந்தது?"

கமலவேணி ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் துறை சார்ந்த பதில்கள் இருந்தன.

"நல்லா இருந்தது" என்றாள்.

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. "இருக்கும்" என்று மட்டும் சொல்லி, கூழைக் கரண்டியால் தூக்கிப் பதம் பார்த்தாள். சத்தத்தில் பவளக்கொடி விழித்தாள். எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் எலி டாக்டரம்மா படுத்திருப்பதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளாமல், கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"உப்பே இல்ல" என்றாள், முகத்தைச் சுளித்து.

"இருக்கறத குடி" என்றாள் அஞ்சலாட்சி. சொல்லும்போதே முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு இன்னொரு கிண்ணத்தில் ஊற்றிக் கமலவேணியிடம் நீட்டினாள். எந்த ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் தண்ணீர் கொதிக்க வைத்ததுதானா என்று கேட்டு மானத்தை வாங்குகிறவள், முழங்கையை ஊன்றி எழுந்து, ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தாள். உப்பு இல்லைதான்.